ஸ்கேட்டர்னா சிதறுன்னு எவன்யா சொன்னது?

எழுதி நாலு மாசம் இருக்கும். வெங்காயம் புடுங்கி, பட்டறை போட்டு, வித்து முடிக்கறதுக்குள்ள நாக்கு தள்ளிடுச்சு. நடுவுல எழுதணும்னு நினைச்ச மேட்டரெல்லாம் ஆறிப்போச்சு. இது ஆறாத மேட்டர். கொஞ்சம் சூடாத்தான் இருக்கும், பொறுத்துக்குங்க மக்களே.

போன ஞாயித்துக்கிழமை அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். அக்கா பொண்ணு ஏழாவது படிக்குது. சாயங்காலம் ஸ்போக்கன் இங்கிலீஷ் க்ளாஸ் வேற. எந்த க்ளாஸ், எந்தத் தெரு எல்லாம் வேணாம். உங்க ஊர்லயும் மாடிப்படிக்குக் கீழ ஒண்ணு இருக்கும், அதேதான்னு வச்சுக்குங்க. புள்ள மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிட்டு உட்கார்ந்திருந்துச்சு. என்னம்மான்னு கேட்டா நோட்டை நீட்டுச்சு.

அது எழுதியிருந்த வாக்கியத்தோட அர்த்தம் இதுதான்: எங்க அம்மா தினமும் காலையில வீட்டு முன்னாடி தண்ணி தெளிக்கிறாங்க. 'தெளிக்கிறாங்க' வர்ற இடத்துல 'ஸ்கேட்டர்ஸ்'னு போட்டிருந்துச்சு. அது மேல சிவப்பு மையில ஒரு சுழி. பக்கத்துல 'ஸ்ப்ரிங்கிள்'னு ஒரே ஒரு வார்த்தை. பத்துக்கு நாலு மார்க். கூடவே நாலு பேர் முன்னாடி 'மக்கு'ன்னு ஒரு பட்டம்.

சரி, தப்பு தப்புதானேன்னு நானும் நினைச்சேன். அப்புறம் புள்ள அதே நோட்டோட முதல் பக்கத்தைப் புரட்டிக் காமிச்சுது. க்ளாஸ்லயே எழுதிப் போட்ட பட்டியல். ஒரு நாளைக்கு அஞ்சு வார்த்தை, மனப்பாடம். அன்னிக்கு உள்ளது இப்படி இருந்துச்சு: ஸ்கேட்டர்னா சிதறச் செய், தெளி. ஸ்ப்ரிங்கிள்னா தூவு. ஸ்ட்ரூன்னா தூவு. டிஸ்பெர்ஸ்னா சிதறு. ஸ்பில்னா சிந்து.

புரியுதா? பட்டியல்ல 'தெளி'ங்கறதுக்கு நேரா ஸ்கேட்டர் இருக்கு. புள்ள அதைப் பார்த்து, யோசிச்சு, சரியாத்தான் போட்டிருக்கு. பட்டியல் குடுத்தவங்களே தப்புன்னு சுழிச்சிருக்காங்க. அது கேட்ட கேள்விதான் எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு:

"மாமா, தூவுறதுன்னா மாவு, உப்பு, வெத. தண்ணிய எப்புடி மாமா தூவ முடியும்? அதான் ஸ்கேட்டர்னு போட்டேன்."

பன்னெண்டு வயசுப் புள்ள, தண்ணிக்கு ஒரு வினை, பொடிக்கு ஒரு வினைன்னு தமிழ் பிரிச்சு வச்சிருக்கறதைத் தெரிஞ்சு வச்சுக்கிட்டு, அதை வச்சு இங்கிலீஷை எடை போட்டிருக்கு. இந்த மூளைக்குக் கெடச்ச பேரு மக்கு. கொய்யால!

என் சண்டை அந்த க்ளாஸ் மேல மட்டும் இல்ல. இங்கிலீஷ் வார்த்தைக்குப் பக்கத்துல ஒரு சமன் குறி போட்டு, அந்தப் பக்கம் ஒரு தமிழ் வார்த்தைய ஒட்டி, 'தெரிஞ்சுக்கிட்டியா, அடுத்தது'ன்னு ஓடுற முறை இருக்கே, அது மேல. நாமெல்லாம் அப்படித்தான் படிச்சோம். படிச்சுக் கிழிச்ச கதைய அப்புறம் சொல்றேன், என் மானமே போற கதை அது.

மொதல்ல அந்த சமன் குறி ஏன் பொய்னு பார்ப்போம். எங்க ஊரு வாலிகண்டபுரம். சுத்துப்பட்டு முழுக்க மக்காச்சோளம், பருத்தி, சின்ன வெங்காயம். இந்த மண்ணுல ஒரு பொருள் கையை விட்டுப் பிரிஞ்சு பரவறதுக்கு எத்தனை வினை இருக்குன்னு எண்ணிப் பாருங்க. தண்ணின்னா தெளிப்பாங்க. மருந்தும் தெளிக்கறதுதான், இப்ப 'அடிக்கறது'ன்னு ஆயிடுச்சு. மாவு, சாம்பல், விபூதி, மிளகுப்பொடின்னா தூவுவாங்க. யூரியாவ வீசுவாங்க. வெதைய வெதைப்பாங்க, கையால அள்ளி வீசினாலும் அதுக்குப் பேரு வெதைக்கறதுதான். வெங்காயத்தையும் மக்காச்சோளத்தையும் காயப் போட்டா பரப்புவாங்க. பதரையும் மணியையும் பிரிக்கக் காத்துல விட்டா தூத்துவாங்க (ஊரு முழுக்க ஒருத்தனைப் பத்தி அவதூறு பரப்பறதும் அதே தூத்தல்தான், பதிவுலகத்துல நமக்கு நல்லாப் பழக்கமான வினை :-) ). பூ உதிரும். பால் சிந்தும். கூட்டம் கலையும்.

அப்புறம் 'இறை'. எனக்கு ரொம்பப் புடிச்ச வினை இது. களத்துல பரப்பி வச்ச சோளத்துல கோழி நுழைஞ்சா என்ன பண்ணும்? சீச்சு சீச்சு இறைச்சு விட்ரும். சின்னப் பய வெளையாட்டுச் சாமானை என்ன பண்ணுவான்? வீடு பூரா இறைச்சுப் போடுவான். வந்து பாத்த அம்மா 'ஏன்டா இப்புடி இறைஞ்சு கெடக்கு'ன்னு கத்தும். அந்த ஒத்த வினைக்குள்ள ஒழுங்கு கெட்டது இருக்கு, யாரோ பொறுப்பில்லாம பண்ணினது இருக்கு, இன்னொருத்தர் குனிஞ்சு பொறுக்கணுமேங்கற எரிச்சலும் இருக்கு. இங்கிலீஷ்ல 'ஸ்ட்ரூன்'னு சொல்லிக் கெடக்கறது பெரும்பாலும் இந்த இறைஞ்சு கெடக்கறதுதான். அதைப் போயி 'தூவு'ன்னு எழுதிப் போட்டா புள்ள என்ன நினைக்கும்? துணியெல்லாம் தரையில பூ மாதிரி தூவியிருக்குன்னா?

இப்ப நம்ம 'சிதறு'. இதுக்கு உள்ளுக்குள்ள ஒரு வேகம் வேணும். முழுசா இருந்தது உடையணும், இல்ல ஒண்ணா இருந்தது அடிபட்டுத் திசைக்கொண்ணாப் போகணும். புள்ளையார் கோயில் வாசல்ல சிதறு தேங்கா ஒடைக்கறதைப் பாருங்க. கல்லுல பட்ட வேகத்துல தெறிச்சுப் போகுது, பொடிசுங்க பாஞ்சு பொறுக்குதுங்க. கண்ணாடி சிதறும். பாறைக்கு வெடி வச்சா ஜல்லி சிதறும். படை சிதறும். (எங்க ஊருக்கு இதுல ஒரு பெருமை உண்டு. 1751ல வாலிகண்டபுரத்துப் பக்கம் நடந்த சண்டையில, சந்தா சாகிப்பும் பிரெஞ்சுக்காரங்களும் சேந்து வர்றதைப் பாத்து இங்கிலீஷ் கம்பெனிப் படை கலங்கிப்போயி திருச்சி பக்கமாப் பின்வாங்கிருச்சு. ராபர்ட் கிளைவும் அந்தப் படையோட இருந்தவர்தான். இங்கிலீஷே எங்க ஊர்ல சிதறினதுதான், எங்களுக்கா ஸ்கேட்டர் கத்துக் குடுக்கறீங்க?)

ஆக, சிதறுக்கு வேகம் வேணும். ஸ்கேட்டருக்கு அது கட்டாயம் இல்ல. கோழிக்குக் கம்பு போடறதும் ஸ்கேட்டர், துப்பாக்கிச் சத்தத்துல சனம் தெறிச்சு ஓடறதும் ஸ்கேட்டர், அஸ்தியக் கடல்ல கரைக்கறதும் ஸ்கேட்டர், இட்லி மேல கொத்தமல்லி போடறதைக் கூட சமையல் குறிப்புல ஸ்கேட்டர்ங்கறான். ஆனா தண்ணிய மட்டும் யாரும் ஸ்கேட்டர் பண்ண மாட்டாங்க. தனித்தனியா எண்ணக்கூடிய பொருளோ ஆளோ, ஒரு எடத்துல இருந்தது பல எடத்துக்குப் போனா அது ஸ்கேட்டர். மெதுவாவா வேகமாவாங்கறதைப் பத்தி அந்த வார்த்தைக்குக் கவலை இல்ல. இதைச் சொல்ல ரெண்டு நிமிஷம் ஆகுமா? கைப்பிடி சோளமும் ஒரு கோழியும் போதுமே!

இன்னொண்ணு. கூட்டம் கலைந்தது, போலீஸ் கூட்டத்தைக் கலைத்தது. பூ உதிர்ந்தது, காத்து பூவை உதிர்த்தது. தானா நடந்ததா, ஒருத்தர் நடத்தினதான்னு நம்ம வினையோட வாலே சொல்லிடும். இங்கிலீஷ்ல ரெண்டுக்கும் ஒரே ஸ்கேட்டர்ட், ஒரே டிஸ்பெர்ஸ்ட். வார்த்தை மாறாது, வாக்கியத்துல எங்க நிக்குதுங்கறதை வச்சுத்தான் கண்டுபுடிக்கணும். தமிழ்ப் புள்ளைக்கு இங்கிலீஷ் சொல்லித் தர்றவங்க மொதல் நாளே சொல்ல வேண்டிய சமாச்சாரம் இது. எத்தனை பேர் சொல்றாங்க? எனக்கு யாரும் சொல்லல.

இதுக்கு நேர்மாறா, நம்ம புள்ளைங்களுக்கு ஏற்கனவே தெரிஞ்சதையும் யாரும் கண்டுக்கறதில்ல. 'தண்ணி தெளிச்சாச்சா?'ன்னும் கேக்கறோம், 'வாசல் தெளிச்சாச்சா?'ன்னும் கேக்கறோம். ரெண்டாவதுல தெளிக்கப்பட்டது வாசலா? இல்ல, தண்ணிதான். ஆனா வாசலையே செயப்படுபொருளா வச்சுப் பேசறோம், ஒருத்தருக்கும் குழப்பம் வர்றதில்ல. ஸ்ப்ரிங்கிள்லயும் இதே ரெண்டு வழி இருக்கு. வாசல் மேல தண்ணிய ஸ்ப்ரிங்கிள் பண்ணலாம், தண்ணியால வாசலை ஸ்ப்ரிங்கிள் பண்ணலாம். வெளக்கமாத்தும் சாணித் தண்ணியுமா நிக்கற எங்கக்காவுக்குத் தெரிஞ்ச இலக்கணம் இது. அவ பொண்ணு நோட்டுல சுழி.

சிங்கப்பூர் கதை ஒண்ணு சொல்லணும். நான் அங்க மூணு வருஷம் பொட்டி தட்டாத வேலை பாத்தேன், அதாவது கம்பி கட்டுற வேலை. ராத்திரி இங்கிலீஷ் வகுப்புக்குப் போவேன். பக்கத்துல சீனாவுலேர்ந்து வந்த ஒரு அண்ணன் உட்காருவார். என்னைவிடப் பத்து வயசு பெரியவர். ரெண்டு பேருக்கும் பொது மொழி ஒடஞ்ச இங்கிலீஷ்தான், மீதி கை. ஒரு நாள் ஸ்ப்ரிங்கிள் வந்துச்சு. வாத்தியார் உப்புக்கும் போட்டார், செடிக்குத் தண்ணி விடறதுக்கும் போட்டார். அண்ணனும் நானும் ஒருத்தர் மூஞ்சிய ஒருத்தர் பாத்துக்கிட்டோம். எனக்கு 'தூவு' தெளிக்காது, 'தெளி' தூவாது. அவருக்கும் அதே எடத்துலதான் இடிச்சிருக்கு!

வகுப்பு முடிஞ்சு அவர் ரெண்டு எழுத்து எழுதிக் காமிச்சார். ரெண்டையும் வாயால 'ஸா'ன்னுதான் சொல்றாங்க. ஒண்ணுல இடது பக்கம் மூணு சொட்டு இருக்கும். தண்ணியோட அடையாளம், அந்த ஸா ஈரத்துக்கு. இன்னொண்ணுல இடது பக்கம் கை இருக்கும். அந்த ஸா வெதைக்கு, உப்புக்கு. அதாவது நம்ம தெளியும் தூவும்! காதுக்கு ஒண்ணு, கண்ணுக்கு ரெண்டு. அவர் நோட்டுலயும் ஸ்கேட்டருக்கு நேரா கை போட்ட ஸா, ஸ்ப்ரிங்கிளுக்கு நேராவும் அதே ஸா. பாவம், அவரும் தண்ணிய ஸ்கேட்டர் பண்ணி சுழி வாங்கியிருந்தார் :-) பொய் சொல்றதுக்கும் அந்தக் கை போட்ட எழுத்தைத்தான் போடுவாங்கன்னு சொல்லிச் சிரிச்சார். நாம பொய்யை அவுத்து விடறோம், அவங்க வீசி எறியறாங்க.

கூட்டம் கலையறதுக்கு அவங்ககிட்ட தனியா ஒரு வார்த்தை, 'ஸான்'. அதோட காலடிக்கான வார்த்தைய சேத்து 'ஸான்பூ'ன்னா காலாற நடக்கறது. உரைநடைக்கும் அதே எழுத்துதான். கட்டாம உதிரியா விட்ட எழுத்துன்னு அர்த்தம். பூக்கடையில கட்டின சரத்துக்குப் பக்கத்துல கூறு வச்சிருப்பாங்களே உதிரிப்பூ, அந்த உதிரி. செய்யுள் சரம், உரைநடை உதிரிப்பூ. இப்படி ஒரு மொழி தனக்குள்ளயே நெய்து வச்சிருக்கறதை எல்லாம் வெட்டி எறிஞ்சுட்டு, 'ஸ்கேட்டர் சமம் ஸா'ன்னு அவருக்கும், 'ஸ்கேட்டர் சமம் சிதறு'ன்னு எனக்கும் குடுத்திருக்காங்க. ரெண்டு பேரும் நாலு மார்க் வாங்கினோம்.

இங்க ரெண்டு தரப்பு நண்பர்கள் கை தூக்குவாங்கன்னு தெரியும். மொத தரப்பு: 'அதுக்குத்தான்யா தமிழை நடுவுல கொண்டு வராதீங்கங்கறோம், இங்கிலீஷை இங்கிலீஷ்லயே கத்துக்கணும்'. நல்ல அறிவுரை. வீட்ல இங்கிலீஷ் பேசற அப்பன் ஆத்தாளுக்குப் பொறந்தா. வாசல்ல சாணி தெளிக்கற வீட்டுப் புள்ள எதை வச்சுப் புரிஞ்சுக்கும், தனக்குத் தெரிஞ்ச வாசலை வச்சுத்தானே? தமிழ் நடுவுல வந்ததால அது தோக்கல. வந்த தமிழ் அரைகுறையா வந்ததால தோத்துச்சு. பத்து வினை கைவசம் வச்சிருந்த புள்ளகிட்ட 'சிதறு' ஒண்ணை மட்டும் குடுத்தா எப்படி?

ரெண்டாவது தரப்பு நம்ம தனித்தமிழ் அன்பர்கள். ஒரு ஆங்கிலச் சொல்லுக்கு ஒரே தமிழ்ச் சொல், நிலைநிறுத்தணும்பாங்க. அறிவியல்ல நானும் அவங்க கட்சிதான், மறுக்கல. ஸ்கேட்டரிங்னா ஒளிச்சிதறல், டிஸ்பெர்ஷன்னா நிறப்பிரிகைன்னு பாடப்புத்தகத்துல பிரிச்சு வச்சிருக்காங்க பாருங்க, அந்த 'நிறப்பிரிகை' இங்கிலீஷ் சொல்லைவிட ஒசத்தி. முப்பட்டகத்துல வெள்ளை ஒளி என்ன ஆகுதுன்னு பேருலயே இருக்கு. நம்ம திருச்சியில பொறந்த சர் சி.வி. ராமன் 1928 பிப்ரவரி 28ல கண்டதும், 1930ல நோபல் வாங்கினதும் ஒளிச்சிதறலுக்கு. அதை எவனாச்சும் நிறப்பிரிகைன்னு எழுதினா தப்பு, விவாதமே கெடையாது. ஆனா கலைச்சொல்லுக்கு உள்ள சட்டத்தை அடுப்படிக்கும் களத்துக்கும் கொண்டு வராதீங்க சாமி. அங்க ஒண்ணுக்கு ஒண்ணு நடக்காது.

இப்ப என் மானம் போன கதை.

2021 ஜனவரி. பொங்கலை ஒட்டி மழை ஊத்தோ ஊத்துன்னு ஊத்தி டெல்டா பூரா அறுவடைக்கு நின்ன நெல்லு சாஞ்சுதே, அந்தத் தை. எங்க மாமா, அம்மாவோட தம்பி, மக்காச்சோளம் அடிச்சு களத்துல பரப்பியிருந்தார். அறுபது மூட்டைக்கு வரும். ஈரம் பதினாலு சதவீதத்துக்கு எறங்கினாத்தான் வியாபாரி நல்ல வெலைக்கு எடுப்பான், அதுக்கு இன்னும் ரெண்டு நாள் வெயில் வேணும். சாயங்காலம் மேற்க கருக்கல். தார்ப்பாய் போட்டு மூடலாமா, இல்ல காத்தாட விடலாமான்னு மாமா யோசிக்கறார். மூடி வச்சா உள்ள வேத்துப் பூஞ்சணம் வச்சிரும்னு அவருக்குப் பயம். ரேடியோவுல 'ஒருசில இடங்களில் மழை'ன்னு சொன்னதா சொன்னார். நான்தான் சிங்கப்பூர் ரிட்டர்ன் ஆச்சே, கையில ஸ்மார்ட்போன் வேற. எடுத்துப் பாத்தா இங்கிலீஷ்ல 'ஸ்கேட்டர்ட் ஷவர்ஸ்'. பள்ளிக்கூடத்து சமன் குறி மண்டையில டாண்ணு அடிச்சுது. ஸ்கேட்டர்னா சிதறு.

"சும்மா ரெண்டு தூத்தல் சிதறும் மாமா, அவ்ளோதான். காத்தாடட்டும் விடுங்க."

ராத்திரி ரெண்டு மணிக்குப் புடிச்ச மழை விடியறவரைக்கும் விடல. நானும் மாமாவும் அத்தையும் இருட்டுல கூட்டி அள்ளினது பாதி, ஓடையோட போனது கொஞ்சம், மிச்சம் முளைச்சும் கறுத்தும் நாறிப்போச்சு. வந்த வியாபாரி கையில எடுத்து மோந்து பாத்துட்டு சொன்ன வெலைய எழுத மனசு வரல. மாமா என்னைத் திட்டல. திட்டியிருந்தா பரவாயில்ல. ஈரச் சோளத்தைக் கால்ல தள்ளிக்கிட்டே, "நீதான மாப்ள சிதறும்னு சொன்ன?"ன்னார். அவ்ளோதான்.

அப்புறம் உக்காந்து தேடினேன். வானிலையில ஸ்கேட்டர்ட்ங்கறது மழை எவ்ளோ கனமா பெய்யும்ங்கறதைச் சொல்ற வார்த்தையே இல்லைங்க! எத்தனை எடத்துல பெய்யும்ங்கறதைச் சொல்ற வார்த்தை. இந்திய வானிலைத் துறைக் கணக்குல, ஒரு வட்டாரத்துல இருக்குற நிலையங்கள்ல 2.5 மில்லிமீட்டரோ அதுக்கு மேலயோ மழை பதிவானது எத்தனை சதவீதம்னு பாப்பாங்க. 25 சதவீதம் வரைக்கும் ஐசோலேட்டட். 26லேர்ந்து 50 வரைக்கும் ஸ்கேட்டர்ட். 51லேர்ந்து 75 ஃபேர்லி வைட்ஸ்ப்ரெட். அதுக்கு மேல வைட்ஸ்ப்ரெட். அமெரிக்க வானிலைச் சேவையில மழை வர வாய்ப்பு 30லேர்ந்து 50 சதவீதம்னா ஸ்கேட்டர்ட்ம்பாங்க. விமான ஓட்டிகளுக்கு இன்னொரு கணக்கு: வானத்தை எட்டாப் பிரிச்சு, மூணு நாலு பங்கு மேகம் இருந்தா ஸ்கேட்டர்ட். எல்லாமே எண்ணிக்கை. எங்கயும் தூத்தல்ங்கற பேச்சே இல்ல. சிதறிக் கெடக்கறது மழை பெய்யற எடங்கள். நான் சிதற விட்டது மழைத்துளிய. பெய்யற எடத்துல அது பேயாவும் பெய்யலாம்.

இதுல வயிறு எரியற விஷயம் என்ன தெரியுமா? ரேடியோவுல மாமா கேட்ட தமிழ்தான் சரியான தமிழ். சென்னை வானிலை மையத்து அறிக்கையில ஐசோலேட்டடுக்கு 'ஓரிரு இடங்களில்', ஸ்கேட்டர்டுக்கு 'ஒருசில இடங்களில்', அடுத்தது 'பல இடங்களில்', கடைசி 'பெரும்பாலான இடங்களில்'. யாரோ ஒரு புண்ணியவான் உக்காந்து, அகராதியப் புரட்டி 'சிதறிய மழை'ன்னு எழுதாம, இந்த வார்த்தை என்ன வேலை செய்யுதுன்னு யோசிச்சு அந்த வேலையத் தமிழ்ல செஞ்சிருக்கார். அந்த ஆளு யாருன்னு தெரிஞ்சா கால்ல விழுவேன். 'ஒருசில இடங்கள்ல நம்ம ஊரும் ஒண்ணா இருந்துட்டா?'ன்னு யோசிச்சுத்தான் மாமா தார்ப்பாயக் கையில எடுத்தார். இங்கிலீஷ் தெரிஞ்ச நான் குறுக்க போயி அதைக் கீழ வைக்கச் சொன்னேன்.

இப்பவும் சில சேனல்ல இதே ஸ்கேட்டர்டை 'பரவலாக மழை'ங்கறாங்க, பாத்திருப்பீங்க. பரவலாகன்னா எங்கயும்னு இல்ல அர்த்தம்? அவன் ஒரு பக்கம் கூட்டிச் சொல்றான், நான் ஒரு பக்கம் கொறைச்சுச் சொன்னேன். ரெண்டு பேரும் படிச்சது ஒரே மாதிரி க்ளாஸ்லதான் போல.

'நாப்பது புள்ளைங்கள வச்சுக்கிட்டு ஒவ்வொரு வார்த்தைக்கும் கதை சொல்லிட்டு இருக்க முடியுமாய்யா?'ன்னு கேக்கறவங்களுக்கு: ஒரு நாளைக்கு அஞ்சு வார்த்தை வேணாம், வாரத்துக்கு அஞ்சு போதும். அஞ்சையும் புள்ளைங்க வாயாலயே எங்க ஊர்ல இதுக்கு என்ன சொல்வோம், எதை, யாரு, எப்படின்னு கேளுங்க. பதில் கொட்டும். 'சிந்தாம சிதறாம சாப்புடு'ன்னு தினம் திட்டு வாங்கற புள்ளைக்கு சிந்தறதுக்கும் சிதறறதுக்கும் வித்தியாசம் தெரியாதா? அங்கேர்ந்து ஸ்பில்லுக்கும் ஸ்கேட்டருக்கும் போறது ஒரு எட்டுதான். வெதைக்கற வீட்டுப் புள்ளகிட்ட 'ப்ராட்காஸ்ட்'ங்கறது ரேடியோவுக்கு முன்னாடி கையால வீசி வெதைக்கறதுக்கான வார்த்தைன்னு சொல்லிப் பாருங்க, ஆயுசுக்கும் மறக்காது. உரத்து விவரச் சீட்டுல இன்னிக்கும் அந்த அர்த்தத்துலதான் வருது. அதைப் பாத்துட்டு யூரியாவ எப்படி ஒலிபரப்பறதுன்னு கேட்ட டிகிரி ஹோல்டரை எனக்குத் தெரியும் (நான் இல்லைங்க, சத்தியமா). நம்ம இலக்கியப் பதிவருங்க பக்கத்துக்குப் பத்து தடவை போடற 'டயஸ்போரா' கூட கிரேக்கத்துல வெதை வீசற வினையிலேர்ந்து வந்ததுதான். அதுக்கு நாம வச்ச 'புலம்பெயர்'ல வெதை இல்ல, விட்டுட்டு வந்த மண்ணு இருக்கு. ரெண்டும் ஒரே சனத்தைத்தான் சொல்லுது, ஆனா ஒண்ணு போன எடத்தைப் பாக்குது, ஒண்ணு கெளம்பின எடத்தைப் பாக்குது.

அன்னிக்கு சாயங்காலம் புள்ளைய வாசலுக்குக் கூட்டிட்டுப் போனேன். ஒரு கை சோளம், ஒரு செம்புத் தண்ணி, கொஞ்சம் கோலமாவு. அரை மணி நேரம். அக்கா வந்து "வாசலை என்னடா இப்புடி இறைச்சு வச்சிருக்க"ன்னு கத்துனப்ப, புள்ள "ஸ்ட்ரூன்!"னு கத்துச்சு பாருங்க, அன்னிக்குத் தின்ன பலகாரமெல்லாம் செரிச்சுப்போச்சு. தானா ஒரு வாக்கியமும் எழுதிக் காமிச்சுது. கோழி சோளத்தை ஸ்கேட்டர் பண்ணுச்சு, அம்மா கோழிய ஸ்கேட்டர் பண்ணுனாங்க. ரெண்டாவதை அந்த க்ளாஸ்ல சுழிப்பாங்களோ என்னவோ, எனக்கு அதான் புடிச்சுது.

அப்புறம் கேட்டுச்சு, "அப்ப தாத்தாவோட சோளம் நனைஞ்சது உன்னாலயா மாமா?" அக்காதான் சொல்லியிருக்கா, வேற யாரு. அவ்வ்வ்வ்...

மாமா இப்பவும் மானம் கருத்தா எனக்குத்தான் போன் போடறார். "மாப்ள, ஒன் போன்ல என்ன போட்டிருக்கான்?" ஸ்கேட்டர்ட்னு இருந்தா, அர்த்தமெல்லாம் சொல்றதில்ல. "மூடிருங்க மாமா"ன்னு மட்டும் சொல்றேன்.

டிஸ்கி: உங்க ஊர்ப்பக்கம் தூவு, தெளி, இறை, வீசு தவிர வேற வினை ஏதாவது பொழக்கத்துல இருந்தா பின்னூட்டத்துல எழுதுங்க. எதைப் போடறப்ப சொல்வீங்கன்னு சேத்து எழுதணும். வெறும் வார்த்தைய மட்டும் போட்டீங்கன்னா சுழிச்சு நாலு மார்க்தான் :-)